மலைக் கல்லறைகள் யாருக்குச் சொந்தம்?

கோயில் இடிந்துபோனால், அதைச் சுற்றிக் கிடக்கும் கல்லறைத் தோட்டம் யாருடையது? கட்டியவர்களுடையதா, பட்டா வைத்திருப்பவர்களுடையதா, உள்ளே கிடப்பவர்களின் பிள்ளைகளுடையதா? பாலக்காட்டுக் கணவாயில் எலப்புள்ளி, கொழிஞ்ஞாம்பாறை பக்கத்துத் தமிழர்களுக்கு இது ஏதோ சீமைக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் இங்கிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னாறு தாண்டி மறையூர், மூணாறு என்று மலையேறினால், வழி முழுக்க இதே கேள்வி பல உருவங்களில் நிற்கிறது. அதை நமக்கு முன்பே கேட்டுப் பதிலும் தேடியவர்கள் அயர்லாந்துக்காரர்கள். அங்கிருந்தே தொடங்கலாம்.

அயர்லாந்தின் நாட்டுப்புறத்தில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி இது. கூரை போன ஒரு சிறு கற்கோயில், சுவரை மூடிய ஐவிக் கொடி, சுற்றிலும் சாய்ந்தும் புதைந்தும் கிடக்கும் கல்லறைக் கற்கள். கோயிலுக்கு உள்ளேயும், பீடம் இருந்த இடத்திலும்கூடக் கல்லறைகள் இருக்கும். கோயில் பாழாகிப் பல தலைமுறை ஆன பின்னும் அந்த மண்ணில் புதைப்பது நிற்கவில்லை என்பதுதான் வியப்பு. காரணம் அரசியல். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றி ரோமோடு முறித்துக்கொண்டபோது, அயர்லாந்தின் பங்குக் கோயில்களும் அரசுத் திருச்சபையின் கைக்குப் போயின. மக்களோ பெரும்பாலும் கத்தோலிக்கர்களாகவே இருந்துவிட்டார்கள். 1649இல் வந்திறங்கிய குரோம்வெல்லின் படையும் அதற்கு முன்பின்னாக நடந்த போர்களும் பல கோயில்களைச் சிதைத்தன. சொற்பமாக இருந்த புராட்டஸ்டண்ட் சபையாரால் எல்லாவற்றையும் எடுத்துக்கட்ட முடியவில்லை. ஆக, நிலம் ஒரு சபையின் பெயரில். மண்ணுக்குள் இருப்பவர்கள் இன்னொரு சபையின் முன்னோர்கள். அப்பனும் பாட்டனும் கிடக்கும் இடத்தை விட்டு வேறெங்கும் போகமாட்டோம் என்று குடும்பங்கள் அங்கேயே புதைத்துக்கொண்டிருந்தன.

புதைக்கலாம். ஆனால் குழிமேட்டில் கத்தோலிக்கக் குரு வாய்விட்டுச் செபம் சொல்ல முடியாது. அதனால் வீட்டிலேயே செபத்தை முடித்து, மந்திரித்த மண்ணைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பும் வழக்கம் இருந்தது. 1823இல் டப்ளினின் புனித கெவின் கல்லறைத் தோட்டத்தில் ஆர்தர் டார்சி என்பவரின் அடக்கத்தின்போது, மைக்கேல் பிளேக் என்ற குரு தொப்பியைக் கழற்றிச் செபிக்கத் தொடங்க, அங்கிருந்த காவல்காரர் தடுத்தார். ஊர் கொதித்தது. கத்தோலிக்கத் தலைவர் டேனியல் ஓ'கானல் அதைப் பெரும் அரசியல் பிரச்சினையாக்கினார். 1824இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் அனுமதியை அந்தந்தப் பங்கின் புராட்டஸ்டண்ட் பாதிரியாரிடமே கேட்க வேண்டும் என்று அது சொன்னதால் பெரிதாகப் பயன்படவில்லை. எந்த மதத்தாரையும் ஏற்கும் கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டம் 1832இல் திறந்தது. முதலில் அடக்கமானவன் மைக்கேல் கேரி என்ற பதினொரு வயதுச் சிறுவன். 1868இல்தான், பழைய கோயில் வளாகத்தில் அவரவர் குருவை வைத்து அவரவர் முறைப்படி அடக்கம் செய்யும் உரிமை சட்டமானது. அடுத்த ஆண்டே அயர்லாந்துத் திருச்சபையின் அரசு அந்தஸ்தைப் பறிக்கும் சட்டம் வந்து, புழக்கத்தில் இல்லாத கோயில்களின் கல்லறைத் தோட்டங்கள் உள்ளூர்ப் பொது அமைப்புகளின் பொறுப்புக்கு நகரத் தொடங்கின. பழைய கல்லறைத் தோட்டங்கள் பலவற்றை இன்று கவுண்டி கவுன்சில் பராமரிப்பது இப்படித்தான் வந்தது.

இதைப் படிக்கும் கேரளத்து வாசகருக்கு உடனே ஒன்று நினைவுக்கு வரும். மலங்கரை ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயச் சபைகளின் வழக்கில் 2017 ஜூலை 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, பல பள்ளிகளின் (தேவாலயங்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஆளுகை ஆர்த்தடாக்ஸ் தரப்புக்குப் போனது. பள்ளியின் சாவி கை மாறினால் கல்லறையின் சாவியும் கை மாறுமா? 2019இல் காயங்குளம் பக்கம் கட்டச்சிறையில் ஒரு மூதாட்டியின் உடல், குடும்பக் கல்லறைக்குள் நுழைய வழியில்லாமல் ஒரு மாதத்துக்கும் மேலாக வீட்டிலேயே பெட்டிக்குள் காத்திருந்தது. அந்த வேதனைக்குப் பிறகு 2020இல் கேரள அரசு முதலில் அவசரச் சட்டமும் பின்னர் முழுச் சட்டமும் கொண்டுவந்தது. பள்ளி யார் கையில் இருந்தாலும், முன்னோர் கிடக்கும் கல்லறையில் அடக்கமாகும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. பள்ளிக்குள் நடக்கும் சடங்கு வேண்டாம் என்றால் வெளியே தங்கள் குருவை வைத்து முடித்துக்கொள்ளலாம். அயர்லாந்து 1868இல் எட்டிய இடத்துக்குக் கேரளம் 2020இல் வந்து சேர்ந்தது. நூற்றைம்பது ஆண்டு தாமதம் என்று ஏளனம் செய்ய நான் தயாராக இல்லை. நிலவுரிமை வேறு, அடக்க உரிமை வேறு என்று பிரித்துப் பார்க்க எந்தச் சமூகத்துக்கும் ஒரு பிணம் வாசலில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

உள்ளே இடம் கிடைத்தவர்களுக்குள்ளும் படிநிலை உண்டு. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளை அயர்லாந்தில் மந்திரித்த மண்ணில் சேர்க்கவில்லை. வயல் ஓரத்திலும் பாழான கோயில் அருகிலும் பெயரில்லாமல் புதைத்தார்கள். அந்த இடங்களுக்குக் கில்லீன் என்று பெயர். கேரளத்துச் சிரியன் பள்ளிகளில் சபையோடு முரண்பட்டவர்களுக்குத் தெம்மாடிக்குழி என்ற தனிக்குழி இருந்தது. தமிழ்நாட்டில் சாதி போதுமானதாக இருந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுவே தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து எழுந்த சுவர் பலமுறை போராட்டத்துக்குக் காரணமாயிற்று. கல்லறைத் தோட்டத்தைச் சமத்துவத்தின் இடம் என்று எழுதுகிறவர்கள் அதன் மதிலோரத்தைச் சுற்றிப் பார்ப்பதில்லை.

எங்கள் பக்கம் நிலைமை கொஞ்சம் வேறு. எலப்புள்ளியைச் சுற்றிய பனங்காடும் வயலும் மொழியால் பாதி தமிழ், பாதி மலையாளம். இங்குள்ள இலத்தீன் முறைக் கத்தோலிக்கர்களில் தமிழ் பேசுவோர் நெடுங்காலம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தோடு இணைந்திருந்தார்கள். 2013 டிசம்பரில்தான் பாலக்காட்டைத் தலைமையிடமாகக் கொண்டு சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவானது. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய நாட்களில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சிலுவைக்குச் செவ்வந்தி மாலை போட்டு, மாலையில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். குரு ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு போவார். அயர்லாந்தில் இதே காரியம் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. கல்லறை ஞாயிறு என்பார்கள். வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் அன்றைக்கென்று ஊர் திரும்புவார்கள். இரண்டு இடத்திலும் தோட்டத்தைக் காப்பாற்றுவது தொல்லியல் துறையோ வேலியோ இல்லை. வருடத்துக்கு ஒருமுறை மண்வெட்டியோடு வரும் உறவுக்காரர்கள்தான் காப்பாற்றுகிறார்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. உயிரோடிருக்கும் கல்லறைத் தோட்டம் பழையதை விழுங்கும். இட நெருக்கடி மிகுந்த கேரளத்தில் சில ஆண்டு கழிந்ததும் குழியைத் திறந்து, எலும்புகளை அஸ்திக்குழிக்கு மாற்றிவிட்டு, அதே இடத்தில் அடுத்தவரை வைப்பது பல பள்ளிகளில் வழக்கம். குடும்பக் கல்லறை வாங்க வசதியுள்ளவர்களுக்கே நிரந்தர இடம். வரலாற்று ஆசிரியனுக்கு இது இழப்பு. குடும்பத்துக்கு இழப்பில்லை, ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது கல்வெட்டு அல்ல, இடம். இனி மலைக்குப் போவோம். அங்கே கல்வெட்டு இருக்கிறது, குடும்பம் இல்லை.

மூணாறு கிறிஸ்து ஆலயத்தில் கதை தலைகீழ். பொதுவாகக் கோயில் முதலில் வரும், கல்லறை பிறகு. மூணாற்றில் கல்லறை முதலில் வந்தது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். காப்பி, சிங்கோனா என்று சோதித்துப் பார்த்துக் கடைசியில் தேயிலை நிலைத்தது. 1894இல் தோட்ட மேலாளர் ஹென்றி மேன்ஸ்ஃபீல்ட் நைட்டின் இளம் மனைவி எலனர் இசபெல் மே, மலைக்கு வந்த சில நாளிலேயே காலராவுக்குப் பலியானார். வயது 24. குன்றின் மேல் நின்று சுற்றிப் பார்த்தவர், நான் செத்தால் என்னை இங்கேயே புதையுங்கள் என்று கணவனிடம் விளையாட்டாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. சுற்றுலா வழிகாட்டிகள் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. கதை எப்படியோ, கல்லறை குன்றின் மேல்தான் இருக்கிறது. அதைச் சுற்றி மற்றக் கல்லறைகள் சேர்ந்தன. கீழே கல்லால் ஆன ஆலயத்துக்கு அடிக்கல் விழுந்தது 1910இல். அதாவது 16 ஆண்டுகள் அந்தத் தோட்டம் கோயில் இல்லாத கல்லறையாக இருந்தது. அயர்லாந்தில் கோயில் விழுந்த பிறகு கல்லறை நிலைத்தது என்றால், மூணாற்றில் கல்லறை காத்திருந்து கோயிலை வரவழைத்தது.

தோட்டத் துரைமார் போய்விட்டார்கள். ஆலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது. தமிழிலும் ஆராதனை நடக்கிறது. சுவரில் பித்தளைத் தகடுகளில் இருப்பதெல்லாம் ஆங்கிலேயர், ஸ்காட்லாந்துக்காரர் பெயர்கள். கீழே பாடுகிறவர்கள் தோட்டத்துக்கு வந்து குடியேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள். அந்நியரின் கல்லறையைப் பாதுகாக்கும் கடமை அவர்களுக்குச் சொத்தோடு சேர்ந்து வந்த சுமை. அதைக் குறைசொல்லாமல் சுமக்கிறார்கள் என்பதை மெச்சத்தான் வேண்டும்.

பீருமேடு பக்கம் குட்டிக்கானம் அருகில் பள்ளிக்குன்று புனித ஜார்ஜ் ஆலயம் இதைவிடப் பழையது. முண்டக்கயம் மலைப்பகுதியில் மலையரையர்களிடையே ஊழியம் செய்த மிஷனரி ஹென்றி பேக்கர் இளையவரின் முயற்சியில், ஆயில்யம் திருநாள் மகாராஜா கொடுத்த நிலத்தில் 1869இல் எழுந்தது. கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்த அதே மன்றோ இங்கேதான் கிடக்கிறார். அவருடைய குதிரை டௌனிக்கும் அதே வளாகத்தில் கல்லறை உண்டு என்று ஊரார் காட்டுவார்கள். குதிரைக்குக் கூடப் பெயர் பொறித்த நினைவு இருக்கிறதே என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த மலையில் காடு வெட்டிய கூலியாட்களில் எத்தனை பேருக்கு ஒரு கல்லாவது இருக்கிறது என்று அடுத்த கணம் தோன்றிவிடுகிறது. அந்த நினைப்பை எவ்வளவு பெரிதாக்கிப் பார்க்க முடியும் என்பதை அறிய இன்னும் கொஞ்சம் கிழக்கே, முல்லைப் பெரியாற்று அணைக்குப் போக வேண்டும்.

அணை கட்டும் வேலை 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். எட்டு ஆண்டும் காட்டுக்குள் முகாம். வெள்ளம் வந்து கட்டியதை அடித்துப் போகும். மலேரியாவும் காலராவும் ஆட்களை அடித்துப் போகும். நோயில் இறந்ததாகப் பதிவான கணக்கு மட்டும் 483. அணைக்குச் சற்று வடக்கே ஒரு கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் புதைக்கப்பட்டார்கள். முகாம் கலைந்தது, ஊர் என்று ஒன்று அங்கே எப்போதும் இருந்ததில்லை. இன்று அது பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அணையோ தமிழ்நாட்டின் பராமரிப்பில், நிலம் கேரளத்தில், இரண்டு மாநிலமும் வழக்காடிக்கொண்டே இருக்கும் இடத்தில். இறந்தவர்களில் ஒருவருடைய பேரன் விளக்கேற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டாலும் நினைத்த நேரத்தில் போய்வர முடியாத இடம். நான் கேள்விப்பட்டவரை, ஒவ்வோர் ஆண்டும் அணையின் நீர்மட்டத்தைப் பற்றி எழும் கூச்சலில் இந்தக் கல்லறையைப் பற்றி ஒரு குரல்கூட எழுந்ததில்லை.

அணையைக் கட்டிய பென்னிகுவிக் 1911இல் இங்கிலாந்தில் இறந்தார். சர்ரே வட்டாரத்தில் ஃப்ரிம்லி புனித பேதுரு கோயில் வளாகத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. தேனிப் பக்கத்து மக்கள் அவர் பிறந்த நாளான ஜனவரி 15ஐப் பொங்கலோடு சேர்த்துக் கொண்டாடுகிறார்கள். குழந்தைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். கூடலூர் லோயர் கேம்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபம் எழுந்தது. அவர் வாழ்ந்த கேம்பர்லியில் 2022இல் தமிழ்நாடு அரசு சிலை வைத்தது. இந்த நன்றியில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தண்ணீர் குடித்தவர்கள் காட்டும் நன்றி அது. ஆனால் ஐயாயிரம் மைல் தள்ளி இருக்கும் ஒரு கல்லறையைக் கண்டுபிடித்துப் பூ வைத்துவிட்டு, அணைக்கு அருகே கிடக்கும் 483 பேரைத் தாண்டிப் போவது எப்படி நேர்ந்தது? அவர்களிலும் பெரும்பாலோர் மதுரைச் சீமையிலிருந்து போன கூலிகளாகத்தான் இருக்க வேண்டும். முன்னவருக்குப் பெயர் இருந்தது, முகம் இருந்தது, ஒரு நல்ல கதை இருந்தது. பின்னவர்களுக்கு எண்ணிக்கை மட்டுமே மிஞ்சியது.

கோயில் மறைந்து கல்லறை மட்டும் மிஞ்சிய இடம் வேண்டுமென்றால் கொடைக்கானல்தான் அயர்லாந்துக்கு மிக நெருக்கம். 1845இல் மதுரை அமெரிக்க மிஷனரிகள் முதல் வீடுகளைக் கட்டி அங்கே குடியேறினார்கள். மதுரை வெயிலிலும் காலராவிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். 1850களில் நெபோ குன்றின் அடிவாரத்தில் ஒரு சிறு ஆலயம் எழுந்தது. அந்த ஆலயம் இன்று இல்லை. அதையொட்டி வளர்ந்த கல்லறைகள் இருக்கின்றன. உதகையில் நிலைமை மேல். 1830இல் பிரதிஷ்டையான புனித ஸ்டீபன் ஆலயம், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால்பாக் அரண்மனையிலிருந்து வந்த மரங்களைத் தாங்கிக்கொண்டு இன்னும் உறுதியாக நிற்கிறது. பின்னால் மலைச்சரிவில் கல்லறைகள். உதகையை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவி ஹென்ரியெட்டாவும் மகளும் 1838இல் அங்கே அடக்கமானார்கள். சல்லிவன் மட்டும் இங்கிலாந்து திரும்பினார். கடற்கரைக்குப் போனால் பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் டச்சுக்காரரின் கல்லறைகள். அவற்றின் சபை எப்போதோ கலைந்துபோக, தொல்லியல் துறையின் நீலப் பலகைதான் இப்போது காவல். கொச்சிக் கோட்டையில் 1724இல் தொடங்கிய டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் 104 கல்லறைகள். 1913க்குப் பிறகு யாரையும் புதைக்கவில்லை, கதவு பூட்டியே கிடக்கிறது. பூட்டிய கல்லறைத் தோட்டம் சுத்தமாக இருக்கும். அதோடு சரி.

வெள்ளைக்காரர் வெளியேறியபோது இந்தியா முழுக்க இப்படி ஏராளமான கல்லறைத் தோட்டங்கள் அநாதையாயின. 1940களின் இறுதியில் பிரிட்டிஷ் தூதரகம் எடுத்த முடிவு நடைமுறைக்கு உகந்தது, கொஞ்சம் கல்மனமும்கூட. புழக்கத்தில் உள்ளவற்றை உள்ளூர்க் கிறிஸ்தவ சபைகளிடம் ஒப்படைப்பது, மற்றவற்றைக் காடு மூட விட்டுவிடுவது. கற்களில் இருந்த எழுத்துகள் ஓரளவு தப்பியதற்குச் சென்னையில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் காரணம். மாகாணம் முழுதும் உள்ள கல்லறை வாசகங்களைத் திரட்டி 1905இல் அவர் வெளியிட்ட பெரும் பட்டியலை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். அயர்லாந்திலும் 1888 முதல் ஒரு சங்கம் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து இதழாகவே வெளியிட்டது. அங்கே தொகுத்ததில் உள்ளூர் மக்களின் பெயர்கள் இருந்தன. காட்டனின் பட்டியலில் ஆண்டவர்களின் பெயர்கள். தியோன் வில்கின்சன் 1976இல் லண்டனில் தொடங்கிய தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரிட்டிஷ் சங்கமும் அவ்வப்போது பழுதுபார்க்கப் பணம் தருகிறது. அதன் அக்கறையும் இயல்பாகவே ஐரோப்பியர் கல்லறைகளோடு நின்றுவிடுகிறது. தன் வீட்டாரைத் தேடி வருகிறவர்களிடம் பக்கத்து வீட்டாரையும் பாருங்கள் என்று கேட்பது நியாயமில்லை. பக்கத்து வீட்டாருக்கு ஆள் இல்லாததுதான் குறை.

கல்லறைகளுக்கு நாடு கடக்கும் ஆசையும் உண்டு. தமிழுக்கும் பிற திராவிட மொழிகளுக்கும் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1814இல் அயர்லாந்தின் ஆண்ட்ரிம் வட்டாரத்தில் பிறந்தவர். 1891இல் கொடைக்கானலில் இறந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி, அவர் வாழ்ந்த தேரிக்காட்டு இடையன்குடிக்குக் கொண்டுபோய், அவரே கட்டிய ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். அயர்லாந்துக்காரர் ஒருவர் தன் மண்ணாகத் திருநெல்வேலியைத் தேர்ந்துகொண்டார். எதிர்த்திசையில் ஜேம்ஸ் டேலி. பிரிட்டிஷ் ராணுவத்தின் கன்னாட் ரேஞ்சர்ஸ் படைப்பிரிவின் அயர்லாந்து வீரர்கள் 1920இல் ஜலந்தரிலும் சோலனிலும் ஆயுதம் ஏந்த மறுத்தபோது, அதில் முன்னணியில் நின்ற டேலியை அந்த ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி இமாசல மலையின் டக்ஷாயில் சுட்டுக் கொன்றார்கள். ஐம்பது ஆண்டு அங்கே கிடந்த உடலை 1970இல் அயர்லாந்துக்குக் கொண்டுபோய், டிரெல்ஸ்பாஸில் சொந்தக்காரர்கள் நடுவே மறுபடி புதைத்தார்கள். சுட்ட நாள் நமக்குக் கல்லறைத் திருநாள் என்பது தற்செயல்தான்.

இனி, கல்லே இல்லாதவர்களுக்கு வருவோம். தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களின் பிறப்பு முதல் சாவு வரை எல்லாமே கம்பெனி நிலத்தில். லயம் என்னும் வரிசை வீடு வேலைக்கு உரியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால், வீட்டில் வேறு யாரும் தோட்டத்தில் வேலை பார்க்காவிட்டால், வீட்டைக் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறை இருந்த குடும்பம் ஓய்வுப் பணத்தோடு கயத்தாறுக்கோ சங்கரன்கோவிலுக்கோ இறங்கிவிடும். அப்பன், ஆத்தா, பிள்ளைப்பேற்றில் போன மூத்தவள், எல்லோரும் தோட்டப் பிரிவான டிவிஷனின் ஓரத்தில், ஆற்றுச் சரிவில், சவுக்கு மரத்தடியில் கிடப்பார்கள். நட்ட கல் சாயும், மண்மேடு மழையில் கரையும், ஒருநாள் அந்த இடத்தில் புதுக் கன்று நடுவார்கள். அயர்லாந்து விவசாயிக்கும் நிலம் சொந்தமாக இருந்ததில்லை. பண்ணையார் நினைத்தால் குடிசையிலிருந்து துரத்தலாம். ஆனால் கல்லறையிலிருந்து துரத்த முடியவில்லை. அந்த ஒரு பிடிமானம் தோட்டத் தமிழர்களுக்கு வாய்க்கவில்லை.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மீது விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. பலருக்கு வேர் கயத்தாறு வட்டாரம். கிடைத்தவர்களை ராஜமலைப் பக்கம் ஒரே இடத்தில் அடுத்தடுத்துப் புதைத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் உறவினர்கள் மலையேறி வந்து வணங்குகிறார்கள். 2024 ஜூலை 30இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை சரிந்தபோதும் அடையாளம் தெரியாத உடல்களையும் உடற்பகுதிகளையும் புத்துமலையில், தோட்டத்திலிருந்து எடுத்த 64 சென்ட் நிலத்தில் புதைத்தார்கள். பெயருக்குப் பதில் எண் பொறித்த கற்கள். எல்லா மதத்துச் செபங்களும் அடுத்தடுத்து நடந்தன. மரபணுச் சோதனை முடிவு வர வர, சில எண்கள் பெயர்களாயின. கேரளத்தில் தோட்டத் தொழிலாளியின் அடக்க இடத்தை அரசு முறையாகக் குறித்துவைக்க இத்தனை பெரிய சாவு தேவைப்பட்டிருக்கிறது. தனித்தனியாக, நோயில், பாம்புக்கடியில், முதுமையில் செத்தவர்களுக்கு அந்தப் பதிவு இல்லை.

பெயரில்லாமல் கிடப்பது மலைக்குப் புதிதும் இல்லை. மறையூரில் கோவில்கடவைச் சுற்றிய பாறைகளில் பெருங்கற்காலத்து முனியறைகள் வரிசையாக நிற்கின்றன. நாலு பலகைக் கல், மேலே ஒரு மூடி. முனிவர் தவமிருந்த அறை என்பார்கள், பாண்டவர் தங்கியது என்பார்கள். செத்தவர்களின் பெயர் போனாலும் இடத்தின் மேல் ஒரு பயபக்தி ஒட்டிக்கொண்டிருந்ததால் பல தப்பின. புதையல் தேடியவர்களும் கல் உடைத்தவர்களும் சிலவற்றைச் சிதைத்தார்கள். எலப்புள்ளிக்கு அருகில் தஸ்ராக்கில் மலையாள எழுத்தாளர் ஓ.வி. விஜயன் தன் நாவலுக்காகக் கண்டெடுத்த கசாக்கின் உலகத்திலும் ஒரு ஷேக்கின் சமாதிதான் ஊரைக் கட்டி ஆள்கிறது. கதை ஒட்டிக்கொண்டால் கல்லறை பிழைக்கும் என்று தோன்றுகிறது. எலனர் நைட்டின் கல்லறையைப் பிழைக்க வைத்ததும் அந்தக் குன்றுமேட்டுக் கதைதானே.

பாதுகாப்பு என்று இறங்குவதிலும் ஆபத்து உண்டு. ஆர்வம் மிகுந்த துப்புரவால் அயர்லாந்தில் நிறையக் கல்லறைகள் கெட்டன. ஐவிக் கொடியை வேரோடு பிடுங்கினால் அது தாங்கிக்கொண்டிருந்த சுவரும் கூடவே வரும். சாய்ந்த கல்லை நிமிர்த்திச் சிமெண்டில் நட்டால் அடுத்த ஈரத்தில் கல் வெடிக்கும். கம்பித் தூரிகை எழுத்தையே தேய்த்துவிடும். அங்கே இப்போது சொல்லித் தரும் முறை எளிமையானது: தொடாதே, முதலில் பதிவு செய். மங்கிய எழுத்தைப் படிக்கச் சாக்குக்கட்டி பூச வேண்டாம். ஒரு கண்ணாடியால் வெயிலைச் சாய்வாகக் கல்லின் மேல் வீசினால் பள்ளங்கள் நிழலாகத் தெரியும். ஊர்க்காரர்களே ஒவ்வொரு கல்லையும் படமெடுத்து, இடம் குறித்து, அந்தக் குடும்பத்தைப் பற்றித் தெரிந்த கதையையும் சேர்த்துப் பொதுவில் வைக்கும் ஹிஸ்டாரிக் கிரேவ்ஸ் என்ற திட்டம் அங்கே பல கல்லறைத் தோட்டங்களை எட்டியிருக்கிறது. நம் மலைகளில் ஆண்டுக்குப் பல மாதம் மழை, எப்போதும் பாசி. வெள்ளை பெயிண்ட் அடித்து எழுத்தை மூடுவது நம்மவர்களின் அன்பு காட்டும் முறை. அடிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துவைத்தால் போதும் என்று பங்குப் பேரவைகளிடம் சொல்லலாம்.

கல் இல்லாத இடங்களுக்கு என்ன செய்வது? கேரளத்தில் 1998ஆம் ஆண்டின் பஞ்சாயத்து இடுகாடு, சுடுகாட்டு விதிகள் இருக்கின்றன. அடக்க இடங்களுக்கு உரிமம், பதிவேடு எல்லாம் அவற்றில் உண்டு. தோட்டங்களுக்குள் கிடக்கும் இடுகாடுகளை மூணாறு, தேவிகுளம், பீருமேடு பஞ்சாயத்துகள் ஒவ்வொன்றாக அளந்து பட்டியலிட்டால், கம்பெனி கை மாறினாலும் குத்தகை முடிந்தாலும் அந்தத் துண்டு நிலத்தின் மேல் ஒரு கோடு விழும். 1971இல் கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டம் கொண்டுவந்த அரசுக்கு, சில சென்ட்களைத் தனியே குறிப்பது பெரிய காரியமில்லை. 2020ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு சபைகளின் சண்டையைத் தீர்க்க வந்தது என்றாலும், நிலம் யாருடையதானாலும் முன்னோர் இடம் குடும்பத்துடையது என்ற அதன் அடிப்படையைத் தோட்டத்துக்கும் நீட்டலாம்.

பட்டியலுக்கு வேண்டிய விவரம் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. அது, கொழுந்து பறித்து ஓய்வு பெற்று, இப்போது கயத்தாறிலும் தேனியிலும் போடியிலும் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கும் வயதான பெண்களிடம் இருக்கிறது. எந்த டிவிஷன், எந்த லயத்துக்குப் பின்னால், எந்த மரத்தடியில், யாருக்கு அடுத்து யார் என்று அவர்களால் சொல்ல முடியும். அவர்களில் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது. தோட்டத்துத் தொழிற்சங்கங்களிடம் ஓய்வு பெற்றவர்களின் முகவரி இருக்கும். மூணாற்றிலும் பாலக்காட்டிலும் தமிழ்ப் பள்ளிகள், தமிழ் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு கோடை விடுமுறையில் ஆளுக்குப் பத்துப் பாட்டிகளிடம் பேசி எழுதிவந்தால் மூணாற்றுத் தோட்டங்களின் முதல் இடுகாட்டுப் பட்டியல் தயாராகிவிடும்.